ராணியை வழியனுப்பிய கதை

நாய்க்குச் சிறுநீரகம் செயலிழந்தால் வீட்டில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும், கடைசியில் வலியில்லாமல் உயிர் பிரிய ஊசி போட்டு அனுப்புவது எப்படி நடக்கும் என்பதையெல்லாம் ராணிக்கு நோய் வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ராணி நாட்டு நாய். செவலை நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடங்கியே இருக்கும். என் மகன் யு.கே.ஜி. படிக்கும்போது தாம்பரத்தில் எங்கள் தெருவில் குட்டியாகத் திரிந்துகொண்டிருந்தவள். அவன் கல்லூரிக்குப் போனபோது அவளுக்கு 13 வயது. அந்தச் சித்திரையில் நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். "இது வெயிலுக்கு இல்லடி, ராத்திரியிலும் எழுந்து எழுந்து குடிக்கிறா. டாக்டர்கிட்ட காட்டு" என்று முதலில் சொன்னது அம்மாதான்.

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 3.4 என்று வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது. அதன் அளவை வைத்து நாய்களின் நாள்பட்ட சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, 5-ஐத் தாண்டினால் நான்காம் நிலை. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும் என்றார் டாக்டர். போனது திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் டயாலிசிஸ் செய்கிறார்களே என்று கேட்டேன். விஷம், எலிக்காய்ச்சல் என்று திடீரென்று சிறுநீரகம் நின்றுபோகும் நாய்களுக்கு அது உயிர் காக்கும், ஆனால் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ந்துபோன சிறுநீரகத்துக்கு அது தீர்வாகாது என்று பொறுமையாக விளக்கினார். ஏழெட்டு வயது தாண்டிய நாய் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்துவிடுங்கள். சீக்கிரம் தெரிந்தால் உணவிலேயே நிறையக் காலம் தள்ளலாம். நொண்டுகிறதே என்று நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். புரூஃபென், டைக்லோஃபெனாக் எல்லாம் நாயின் சிறுநீரகத்தை நேராகத் தாக்கும்.

ராணிக்கு எலும்பும் ஈரலும் கொடுப்பதை நிறுத்தினோம். இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், பழுதான சிறுநீரகத்துக்கு அது ஆகாது. குழைந்த சாதத்தில் முட்டையின் வெள்ளைக்கரு, கூடவே சிறுநீரக நோய்க்கென்று விற்கும் தீவனம். சாப்பாட்டோடு பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, குமட்டலுக்கு ஒன்று.

எங்களுக்கு மலைப்பாக இருந்தது, உடம்பில் நீர் வற்றாமல் இருக்கத் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவதுதான். டாக்டர் ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, அடுத்த தடவை ஊசியை என் கையில் கொடுத்துவிட்டார். ரிங்கர் லாக்டேட் என்ற அந்தச் சலைன் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீர் வாளியில் வைத்துக் கை சூட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பியில் மாட்டுவோம். ராணியை மகன் மடியில் சாய்த்துக்கொள்வான். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கினால் கூடாரம் போல ஓர் இடம் கிடைக்கும், அதற்குள் ஊசி போக வேண்டும். 150 மில்லி இறங்கியதும் முதுகில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி நிற்கும். கொஞ்ச நேரத்தில் அந்த வீக்கம் முன்னங்கால் பக்கம் சரிந்து, பிறகு உடம்பில் கலந்துவிடும். முதல் வாரம் என் கை நடுங்கியது, அவள் அசையவே இல்லை. சலைன் ஏறிய மறுநாள் வாசல்வரை வந்து பால்காரரைப் பார்த்துக் குரைப்பாள். அந்தக் குரைப்புக்காக எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று தோன்றும்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. நல்லபடியாகவே ஓடியது. அதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயின் பெயரைக் கேட்டதுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் அடுத்த கோடையில் கிரியேட்டினின் 6-ஐத் தாண்டியது. வாயில் புண், மூச்சில் அமோனியா வாடை, ஈறு வெளுத்துப்போனது. சலைன் ஏற்றினாலும் தெம்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை. முதன்முதலாக டாக்டர் ஊசி போட்டு அனுப்பும் பேச்சை எடுத்தார். "இப்பவே முடிவு பண்ணணும்னு இல்ல மேடம். ஆனா எதை வச்சு முடிவு பண்ணப்போறீங்கன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்குங்க." ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்த அளவுகோல் ஒன்றையும் விளக்கினார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண், மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு அதில் கடைசிக் கேள்விதான் பிடிபட்டது. மகன் மாதக் காலண்டரில் தினமும் ராத்திரி குறிக்க ஆரம்பித்தான். நல்ல நாளுக்கு டிக், கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. நல்ல நாள் என்றால் என்ன என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டோம். தானாக எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும், ஒரு வேளையாவது விரும்பிச் சாப்பிட வேண்டும், அம்மா காய் நறுக்கும்போது கேரட் நுனிக்காகப் பக்கத்தில் வந்து படுக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே டிக். மனசு ஒவ்வொரு மணி நேரமும் மாறும். சாயங்காலம் ஒரு தடவை வாலாட்டினால் காலையில் பட்ட பாடெல்லாம் மறந்துவிடும். காலண்டரில் அது நடக்காது.

அம்மாவுக்கு ஊசி போடுவதில் சம்மதமே இல்லை. "நம்ம வீட்டுப் பொண்ணு. அதுவா போகட்டும், நாம எதுக்கு உயிரை எடுக்கணும்?" என்றார். நான் வாதாடவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தானாகப் போவதென்றால் இந்த நோயில் எப்படிப் போகும் என்று அம்மாவே கேட்டார். வாந்தி, வலிப்பு, அதற்குச் சில நாட்கள்கூட ஆகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. அந்த வாரம் முழுக்கப் பெருக்கல் குறிதான். கேரட்டைக் கையில் வைத்துக் கூப்பிட்டும் ராணி தலையைத் தூக்காத அன்று, "டாக்டரை வரச் சொல்லு, அவ கஷ்டப்பட்டது போதும்" என்றார் அம்மா.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். நீங்களும் கேட்டுப் பாருங்கள், பலர் வருகிறார்கள். பணத்தையும் கையெழுத்தையும் முதலிலேயே முடித்துக்கொண்டோம், பிறகு அந்தப் பேச்சே எழாமல் இருக்க. நடக்கப்போவதை வரிசையாகச் சொன்னார். கண் மூடாது. இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போல உடம்பு அசையலாம், அதில் வலி கிடையாது. சிறுநீர் பிரியும், பழைய துணி விரித்து வையுங்கள். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்ததால்தான் மகனால் கடைசிவரை உட்கார முடிந்தது.

முதலில் தொடையில் ஒரு மயக்க ஊசி. பத்து நிமிடத்தில் உடம்பு தளர்ந்து, மகன் மடியில் தலை கனத்தது. உடம்பில் நீர் வற்றிய நாய்க்கு நரம்பு கிடைப்பது கஷ்டம், அதனால் முன்னங்காலில் முடியைச் சிரைத்து, மருந்து செலுத்தும் மெல்லிய குழாயான கேனுலாவைப் போட்டார். அதன் வழியாக இரண்டாவது மருந்து. நான் மடங்கிய காதைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அம்மா நெற்றியில் குங்குமம் வைத்தார்.

மதுராந்தகம் பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணன் நிலத்தில் அடக்கம் செய்தோம். கிணற்றிலிருந்து தள்ளி, நாலடிக்குக் குறையாமல் தோண்டச் சொல்லியிருந்தார் டாக்டர். உடம்பில் மருந்து தங்கியிருக்கும், வேறு நாயோ நரியோ தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல் பருத்தி வேட்டியில் சுற்றி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூடினோம். நிலம் இல்லாதவர்கள், செல்லப் பிராணிகளை எரியூட்டும் இடம் ஊரில் எங்கே இருக்கிறது, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதை முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதைத் தேடும் நிலையில் இருக்க மாட்டீர்கள்.

"நாய்தானே, வேற ஒண்ணு எடுத்துக்கோ" என்று பலர் சொன்னார்கள். பதில் சொல்லவில்லை. மகன் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு இருந்தான். சாதம் வடிக்கும்போது ராணிக்கும் சேர்த்து அரிசி போடுவது அம்மாவுக்கு நிற்க நாளாயிற்று.

மிச்சமிருந்த சலைன் பாட்டில்கள், பிரிக்காத தீவனம், மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் கொடுத்தோம். பல்லாவரத்தில் ஒரு வீட்டில் லேப்ரடார் ஒன்றுக்கு இதே நோயாம், அவர்களுக்குப் போயிற்று. அந்த வீட்டம்மாவுக்கு ஊசியைப் பிடிக்கப் பயம் என்று டாக்டர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நானே போய் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, தோலை எங்கே பிடிப்பது, ஊசியை எந்தச் சாய்வில் நுழைப்பது என்று காட்டிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை அவர்களே போட்டார்கள்.