யூ.என்.பி. கோயிலும் சித்திர மாஸ்ரரும்

எங்கள் சித்திர மாஸ்ரர் கடந்த ஐப்பசியில் காலமானார். வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. இரங்கல் எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் அவருடைய சித்திரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை; அவர் எறிகிற டஸ்ரரைப் பற்றித்தான் எழுதினார்கள். குறி தப்பாது, உண்மைதான். பின்வாங்குக்காரரைக் கேட்டால் சொல்வார்கள். பழைய மாணவர் சங்க மலருக்கு அவரைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைக் கைகாட்டினார்களாம். ரொறன்ரோவில் படம் கீறிச் சோறு தின்ற பழைய மாணவன் நான் ஒருவன்தான் என்பது ஒரு காரணம். மற்றது என் பட்டப்பெயர். அது வந்த கதை எங்கள் வகுப்பில் தெரியாதவர் இல்லை. பிறகு வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

1977 ஆடித் தேர்தல் முடிந்திருந்த நேரம். இலங்கையின் 168 ஆசனங்களில் 140ஐ யூ.என்.பி., அதாவது ஐக்கிய தேசியக் கட்சி, அள்ளியிருந்தது, எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் முழுக்கத் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன். மாஸ்ரர் அன்று கொடுத்த தலைப்பு 'கோயில் தேர்'. நான் தேரை வலு கவனமாகக் கீறினேன். வடம், சில்லு, அச்சாணி ஒன்றும் விடவில்லை. அப்புறம் வர்ணப்பெட்டியைத் திறந்து, பின்னால் இருந்த மதிலுக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தேன். காவி என்று நான் நினைத்ததை அடித்தேன் என்பதுதான் சரி.

மாஸ்ரர் தாளைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினார். "இது ஆர் கட்டின கோயிலடா? யூ.என்.பி.யோ?"

மதில் முழுக்கப் பச்சைப் பட்டை, யூ.என்.பி.யின் நிறம். வகுப்பு கூரை பறக்கச் சிரித்தது. இடைவேளை மணி அடிப்பதற்குள் எனக்குப் பெயர் வைத்தாயிற்று. ஆவணியில் தெற்கில் தமிழருக்கு எதிராகக் கலவரம் நடந்து, அடிபட்ட சனம் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அந்தப் பெயர் பகிடி என்ற நிலையைத் தாண்டிவிட்டது. ஆளும் கட்சியின் பெயரைச் சுமந்துகொண்டு ஏ.எல். வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் திரிந்தவன் நான். இன்றும் ஸ்காபரோவில் ஏதாவது கலியாண மண்டபத்தில் யாரோ பின்னாலிருந்து "டேய் யூ.என்.பி.!" என்றால் திரும்பிப் பார்க்கிறேன்.

சில நாள் கழித்து மாஸ்ரர் என்னைத் தனியே வெளியில் கூட்டிக்கொண்டு போனார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். கிணற்றடியில் நின்ற செவ்வரத்தையைத் தூரத்தில் இருந்தே காட்டி, "எத்தனை பூ எண்டு எண்ணு பாப்பம்" என்றார். எனக்கு இலைதான் தெரிந்தது. கிட்டப் போய், இதழின் வடிவத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு மூன்று என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: "உன்ரை அம்மாவின்ரை தேப்பன் இருக்கிறாரோ? தோட்டத்திலை மிளகாய்ப்பழம் அவர் ஆயிறவரோ?"

அப்பு ஆய்வதில்லை. தண்ணி கட்டுவார், கொத்துவார், புல்லுப் பிடுங்குவார். பழம் ஆய்கிற வேலை மட்டும் எப்போதும் அம்மம்மாவுக்கு. சோம்பல் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத இந்தக் குறை தாய்வழியில் பேரனுக்கு வரும், பெரும்பாலும் ஆண்களைத்தான் பிடிக்கும் என்பதை நான் படித்து அறிந்தது கனடாவுக்கு வந்த பிறகு. மாஸ்ரர் அதை எங்கே படித்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காலத்து மாஸ்ரர்மார் கேட்பதில்லை, நாங்களும் எதிர்பார்ப்பதில்லை. வகுப்பில் எழும்பி நின்று "அவனுக்குக் கண்ணில் ஒரு குறை, இனி அப்படிக் கூப்பிடாதேங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை நான் முழுதாக மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது மலருக்காக எழுதுகிற பொய். ஆனால் என் வர்ணப்பெட்டியை வாங்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தொட்டெழுதும் பேனையும் இந்தியன் இங்க் போத்தலும் தந்தார். "நிறம் உனக்கு வேண்டாம். கோட்டைப் பழகு."

எனக்கு அப்போது கோட்டிலும் ஆசை இல்லை. பலாலி விமானநிலையத்துக்குப் பக்கத்தில், வயாவிளானில் பிறந்தவனுக்கு வேறென்ன ஆசை வரும்? பலாலியில் இறங்க வரும் எயார் சிலோன் அவ்ரோ விமானத்தின் டார்ட் எஞ்சின் கீச்சிடுவது கேட்டால் சோற்றுக் கோப்பையோடு முற்றத்துக்கு ஓடுவேன். பைலற் ஆகவேண்டும். மாஸ்ரரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் சிரிக்காமல், "கண்ணைச் சோதிப்பாங்களடா" என்றார். அந்த அவ்ரோவும் 1978 செப்டெம்பரில், பலாலியில் இருந்து போய் ஆட்களை இறக்கிய பிறகு, இரத்மலானையில் குண்டு வெடித்து எரிந்துபோனது.

மாஸ்ரரின் வீட்டு விறாந்தை பின்னேரங்களில் ஒரு தொழிற்சாலை. கஸ்தூரியார் வீதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை, நாடகத்துக்குத் திரைச்சீலை, கோயில் வாகனத்துக்கு வர்ணம். எல்லாவற்றையும் விடக் கூடுதலாக, செத்தவர்களின் படம். அந்தக் காலத்தில் கல்வெட்டில், அதாவது செத்தவர் நினைவாக அச்சடிக்கும் புத்தகத்தில், போட ஒழுங்கான போட்டோ இல்லாத வீடுகள் எத்தனையோ. அடையாள அட்டையில் இருக்கும் மங்கலான முகத்தைப் பார்த்து, கோட்டிலேயே மனிதரைப் பிடித்துவிடுவார். பிள்ளைகள் வந்து பார்த்து அழுதால் படம் சரி என்று அர்த்தம். அழுகை முடிந்ததும் விலை பேசுவார். அவர் எனக்குச் சொல்லித்தந்த பாடத்தில் பாதி இதுதான்.

"செத்தவரின்ரை படத்துக்கு முழுக் காசையும் முன்னுக்கு வாங்கிப்போடு. முப்பத்தொண்டு முடிஞ்சால் ஒருத்தரும் தராயினம். கடைக்காரனிட்டைப் பாதி வாங்கு. ஒருக்கால் திருத்தச் சொன்னால் சும்மா திருத்து, ரெண்டாந்தரம் காசு. சொந்தக்காரருக்குச் சும்மா கீறிக்குடு, ஆனால் விலை இவ்வளவு எண்டு சொல்லிப்போட்டுக் குடு."

சித்திரத்தை வைத்துப் பிழைக்க முடியாது என்று சொன்ன யாரும் இந்த நாலு விதியையும் கேட்டவர்கள் இல்லை. என் ஐயா உட்பட. 'சிரித்திரன்' நகைச்சுவை இதழின் ஆசிரியர் சுந்தர் பம்பாய்க்குக் கட்டடக் கலை படிக்கப் போய்க் கார்ட்டூன்காரராகத் திரும்பி வந்த கதையை ஐயா எச்சரிக்கையாகச் சொல்வார். மாஸ்ரர் அதே கதையைப் பெருமையாகச் சொல்வார். சுந்தரின் கார்ட்டூன் பாத்திரமான சவாரித்தம்பரைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பது இரண்டு பேரும்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒருநாள் மாஸ்ரரின் றலி சைக்கிளின் பின்சில்லு இறுகிவிட்டது. சித்திர அறைக்குப் பின்னால் அதைக் குப்புறப் போட்டுக் கழற்றத் தொடங்கியவர் என்னைக் கூப்பிட்டார். "நான் கழட்டிற ஒழுங்கிலை கீறு. பிழைச்சால் நான் இண்டைக்கு வீட்டை நடந்துதான் போகவேணும்." நட், வாஷர், கோன், குண்டுகள், அச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நேர்கோட்டில், இடைவெளி விட்டுக் கீறினேன். எந்தப் பக்கம் உள்ளே போகும் என்று தெரியவேண்டுமென்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் சரித்துக் கீறச் சொன்னார். வட்டம் எல்லாம் முட்டை வடிவமானது. பின்னேரம் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்தே பூட்டினோம். சில்லு சுற்றியது. ஒரு குண்டு மிஞ்சியது. அதைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

1984இல் நான் வெளிக்கிட்டேன். ஏன் என்று இந்த மலர் வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ரொறன்ரோவில் கோப்பை கழுவிச் சேர்த்த காசோடு பட்டன்வில் விமானநிலையத்துக்குப் போனேன். 2023 கடைசியில் மூடிவிட்டார்கள், அந்த வழியால் போகும்போது இன்னமும் மனம் ஒரு மாதிரி இருக்கும். பறக்கப் பழகமுன் வைத்தியச் சோதனை. வைத்தியர் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைத் திறந்தார். ஜப்பானிய கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை அது. முதல் பக்கத்தில் 12. அது எவருக்கும் தெரியும். அடுத்த பக்கத்தில் மற்றவர்களுக்கு 8 தெரியும் இடத்தில் எனக்குத் தெரிந்தது 3. பிறகு வந்தவற்றில் பலதில் வெறும் புள்ளி.

விமானத்தின் இடச் சிறகில் சிவப்பு விளக்கு, வலச் சிறகில் பச்சை. ரேடியோ வேலை செய்யாவிட்டால் கோபுரத்தில் இருந்து காட்டும் சமிக்ஞையும் சிவப்பு, பச்சை, வெள்ளை. செவ்வரத்தம்பூ தெரியாதவனிடம் ஆட்களை ஏற்றிய விமானத்தைக் கொடுக்கமாட்டார்கள், நியாயம்தான். பகலில் மட்டும் பறக்கலாம் என்று கட்டுப்பாட்டோடு அனுமதி எடுக்க வழி இருந்தது. பொழுதுபட முன் வீட்டுக்குப் போகிற பைலற்றை எந்தக் கம்பனி சம்பளத்துக்கு எடுக்கும்?

பிறகு இரவு வகுப்பில் வரைபடக் கலை படித்தேன். விமானப் பராமரிப்பு நூல்களுக்குப் படம் கீறிக்கொடுக்கும் ஒரு சிறிய இடத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கிருந்தவர் மேசையில் ஒரு வால்வை வைத்து, "கழற்றிக் கீறு" என்றார். நான் கழற்றிய ஒழுங்கில், ஒரே அச்சில், சரித்து, இடைவெளி விட்டுக் கீறினேன். எங்கே படித்தாய் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில், சைக்கிளில் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வேலை தந்தார்.

ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் டாஷ் 8 விமானம் கட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு விமானத்தைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கு ஒவ்வொரு ஆணியும் எங்கே, எந்த ஒழுங்கில் போகும் என்று படத்தில் காட்டவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் ஒரு இலக்கம், பட்டியலில் அதற்கு நேரே பாக எண். பராமரிப்பு நூலில் 32ஆம் அத்தியாயம் என்றால் எந்த நாட்டு விமானத்துக்கும் சில்லுத் தொகுதிதான். மைலார் தாள், றொட்றிங் பேனை, வெளிக்கோட்டுக்கு 0.5 மி.மீ., உட்கோட்டுக்கு 0.25. பிழைத்தால் சவர அலகால் சுரண்டவேண்டும், கூடச் சுரண்டினால் அந்த இடத்தில் மை பரவும். எல்லாம் கறுப்பு வெள்ளை. நான் நிறம் பார்க்கிறேனா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

காசு? பிழைக்கலாம். வீடு வாங்கினேன், இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தேன். ஆனால் அனேகமாகக் கொன்ராக்ற் வேலை, விமானக் கம்பனிக்குத் தடிமன் பிடித்தால் எங்களுக்குக் காய்ச்சல். 2001 செப்டெம்பருக்குப் பிறகு எங்கள் அறையில் பாதி மேசை வெறுமையானது. அதற்கு முதலே கம்பியூட்டர் வந்துவிட்டது; முப்பரிமாண மாதிரியில் இருந்தே படத்தை உருவி எடுக்கப் பழகிவிட்டார்கள். நான் தப்பி நின்றது மாஸ்ரரின் விதியால். ஒருக்கால் திருத்துவது சும்மா, இரண்டாந்தரம் காசு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவேன். விமானத்துறையில் திருத்தம் இல்லாத கிழமை கிடையாது.

ஊரில் தபால் ஓடிய காலங்களில் மாஸ்ரருக்கு எழுதுவேன். ஒருமுறை நான் கீறிய பக்கமொன்றின் பிரதியை அனுப்பினேன். பதில் வர மாதக்கணக்கானது. "கோடு சுத்தமாயிருக்கு. சில்லுக்கு உள்ளே போகும் வாஷர் கொஞ்சம் தடிச்சுப்போச்சு. உன்ரை பேர் எங்கை? கையெழுத்துப் போட விடமாட்டாங்களோ?"

விடமாட்டார்கள். படத்துக்கு அடியில் ஒரு இலக்கம் இருக்கும், அவ்வளவுதான். அப்படியே எழுதினேன். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, 0.25 நிப்பு அனுப்பச் சொல்லியிருந்தார்.

எங்கள் கோடைகால ஒன்றுகூடலில் தாய் தகப்பன்மார் இப்போது என்னிடம் வருகிறார்கள். "அண்ணை, மகன் பைலற்றுக்குப் படிக்கப்போறன் எண்டு நிக்கிறான்", "மகள் ஷெரிடன் கல்லூரியில் அனிமேசன் கேக்கிறாள், சாப்பிடலாமோ?" சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவேன். பறக்க ஆசை என்றால் கல்லூரிக் காசு கட்ட முன் வைத்தியச் சோதனையை முடி. கனடாவில் வணிக விமானி அனுமதிக்கு 200 மணித்தியாலம் பறக்கவேண்டும், பெரிய விமானத்தில் கப்டனாக உட்காரும் அனுமதிக்கு 1500. நடுவில் உள்ள மணித்தியாலங்களைச் சம்பளத்தோடு எப்படிச் சேர்ப்பது என்பதுதான் முழுக் கஷ்டமும். சில பேர் பறக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், சில பேர் வடக்கே போய்ச் சிறு விமானங்களில் மூட்டை ஏற்றி இறக்கித் தொடங்குகிறார்கள். அனிமேசன் கேட்கிற மகளுக்கு மாஸ்ரரின் நாலு விதி. மலர்க்குழு சும்மா அட்டைப்படம் கேட்டபோது நானும் விலையைச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

எங்கள் ஊர் 1990இல் போரில் வெறுமையானது. பலாலிக்கு 2019இல் சென்னை விமானம் வரத் தொடங்கியது, நான் இன்னும் அதில் ஏறவில்லை. மாஸ்ரரின் கல்வெட்டு போனில் வந்தபோது முதல் பக்கத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்போட் போட்டோவைப் பெருப்பித்து, முகத்தை வழவழப்பாக்கி, பின்னால் மேகமும் வெளிச்சமும் போட்டிருந்தார்கள். ஊரோடு இருந்திருந்தால் அந்தப் படம் என் வேலை. ஆயிரம் முகங்களைக் கோட்டில் பிடித்த மனிதருக்குக் கடைசியில் கீற ஒரு கை பக்கத்தில் இல்லை.

ஒரு சனிக்கிழமை பழைய பேனையை எடுத்துக் கழுவி, மையூற்றி, மாஸ்ரரை நினைவில் இருந்து கீறி அவருடைய மகளுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. "மூக்கு அப்பாவேதான். ஆனால் அண்ணா, அப்பா வகிடு மற்றப் பக்கம் எடுக்கிறவர்." திருத்தி அனுப்பினேன். அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி: "எவ்வளவு காசு அண்ணா?"

மாஸ்ரரின் மகள்தான். விலையைச் சொல்லிவிட்டு, சும்மா வைத்துக்கொள் என்றேன்.