கீறல் விழுந்தது முட்டத்தில், கண்ணாடி உடைந்தது தாம்பரத்தில்

பொங்கல் விடுமுறைக்கு நாகர்கோவில் போயிருந்தபோது ஒரு சாயங்காலம் எல்லோரும் முட்டம் கடற்கரைக்குப் போனோம். அக்கா பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்க வேண்டியிருந்ததால் போனை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைத் துணிப்பைக்குள் போட்டார். பிள்ளைகள் பொறுக்கிய சிப்பிகளும் அதே பைக்குள்தான் கிடந்தன. திரும்ப வாங்கியபோது திரை முழுக்க மணல். யோசிக்காமல் வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தேன். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நறநறவென்று ஏதோ அரைபட்டது.

மறுநாள் காலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், திரையின் மேல்பாதியில் ஒரு அங்குல நீளத்துக்குக் கோடு. அதைச் சுற்றி மயிரிழை போலச் சின்னச் சின்னக் கோடுகள். பெரிய கோட்டின் மேல் நகத்தை இழுத்தால் நகம் இடறியது. ‘போகட்டும், கீறல்தானே’ என்று விட்டுவிட்டேன்.

ஏழு வாரம் கழித்து தாம்பரம் ரயில் நிலைய நடைமேடையில் போன் கையிலிருந்து நழுவியது. இடுப்பு உயரம்தான். அதற்கு முன்பு மாடிப்படியில் உருண்டிருக்கிறது, பைக்கிலிருந்து விழுந்திருக்கிறது, அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தடவை கண்ணாடி இரண்டாகப் பிளந்து கிளை கிளையாக விரிந்துவிட்டது. உள்ளே டிஸ்ப்ளே நன்றாக எரிந்தது, டச்சும் வேலை செய்தது. மேல் கண்ணாடி மட்டும்தான் போயிருந்தது.

அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே முதலில் போனேன். கீழே போட்டு உடைந்ததற்கு வாரண்டி கிடையாது என்றார்கள், அது நியாயம். ஆனால் கண்ணாடியை மட்டும் மாற்றும் வழக்கமே அங்கே இல்லை. கண்ணாடி, டச், ஒளிரும் பேனல் மூன்றும் ஒன்றாக ஒட்டியே வருகிறதாம், மாற்றினால் மொத்தமாகத்தான். 9,400 ரூபாய். போன் வாங்கியதே 23,000. நல்ல பேனலைத் தூக்கிக் குப்பையில் போட மனம் வரவில்லை.

அப்புறம் கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். போவதற்கு முன் சில வேலைகளைச் செய்தேன், உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். போட்டோ, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்தேன். சிம்மைக் கழற்றிக்கொண்டேன். பிரகாசத்தை முழுசாக ஏற்றி, திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் வைத்து வீடியோ எடுத்தேன். கோடோ கறுப்புத் திட்டோ முன்பே இருந்ததா, கடையில் வந்ததா என்று பின்னால் வழக்கு வரக்கூடாது, அதற்காக. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சொந்தத் தகவல்களை மறைத்துவைக்கும் வசதி சில போன்களில் உண்டு. என் போனில் இருந்தது, அதைப் போட்டுவிட்டேன். பூட்டு எண்ணை யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு கடை ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடையிலும் “காம்போ போட்டுக்கோங்க சார், 3,500தான், அரை மணி நேரத்துல ரெடி” என்றார்கள். காம்போ என்றால் டிஸ்ப்ளேயும் டச்சும் கண்ணாடியும் சேர்ந்த செட். விலை ஆசை காட்டியது. ஆனால் இங்கேதான் நிதானமாகக் கேட்க வேண்டும். என் போனில் இருப்பது அமோலெட் பேனல், அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை. மலிவாகக் கிடைக்கும் காம்போக்கள் பெரும்பாலும் பின்னால் விளக்கு எரியும் எல்சிடி. பொருத்தினால் படம் தெரியும், ஆனால் கறுப்பு கறுப்பாக இருக்காது, திரை சற்றுத் தடித்துவிடும், திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாது. “இது அமோலெட்டா, எல்சிடியா?” என்று நேராகக் கேட்டதும் இரண்டாவது கடைக்காரர் எல்சிடி என்று ஒத்துக்கொண்டார்.

நான்காவது கடை மாடியில், பத்துக்குப் பத்து அறை. அங்கிருந்த அண்ணன் போனை வாங்கி முதலில் செய்த காரியம், திரையில் ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து மூலை மூலையாக இழுத்துப் பார்த்ததுதான். எங்கும் விடவில்லை. “டச் இருக்கு, லைன் இல்ல, இங்க் மாதிரி கறுப்புத் திட்டு பரவல. கிளாஸ் மட்டும் மாத்தினா போதும்ணா” என்றார். 2,200 ரூபாய். கூடவே, “பிரிக்கும்போது பேனல்ல லைன் விழ வாய்ப்பு இருக்கு. பத்துல ஒண்ணு அப்படி ஆயிடும். ஆச்சுன்னா கூலி வாங்க மாட்டேன், ஆனா டிஸ்ப்ளே நீங்கதான் வாங்கணும்” என்றும் சொன்னார். இதை முன்கூட்டியே சொன்னதால்தான் அவரிடம் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

முதலில் பின்மூடியைச் சூடாக்கிக் கழற்றி, பேட்டரி இணைப்பைப் பிரித்து, திரையை சட்டத்திலிருந்து எடுத்தார். அதைச் சூட்டுத் தட்டின் மேல் கவிழ்க்காமல் வைத்தார். தட்டின் சூடு 80 டிகிரி வாக்கில் நின்றது. கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே ஓசிஏ என்கிற, கண்ணாடி போலவே தெளிவான ஒட்டுப்படலம் இருக்கிறது. சூட்டில் அது இளகும். முடியை விட மெல்லிய கம்பி ஒன்றை இரு கையிலும் பிடித்து, ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் இழுப்பது போல முன்னும் பின்னும் மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். வெண்ணெயை நூலால் அறுப்பது போல இருந்தது. கம்பி கொஞ்சம் கீழே சாய்ந்தால் பேனல் போச்சு. அந்தப் பத்து நிமிடமும் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கண்ணாடி கழன்று வந்ததும் பழைய பசையை ஏதோ ஒரு திரவம் விட்டு விரலால் உருட்டி உருட்டி எடுத்தார். இதற்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. பிறகு அச்சில் வைத்து, புது ஓசிஏ ஒட்டிய புதுக் கண்ணாடியைப் பொருத்தி, காற்றை உறிஞ்சும் மெஷினில் அழுத்தி, கடைசியாக பபிள் ரிமூவர் என்கிற சின்ன உருளைக்குள் காற்றழுத்தத்தில் வைத்தார். எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம்.

பபிள் ரிமூவர் ஓடிக்கொண்டிருந்தபோது பழைய கண்ணாடியின் துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் சேர்த்து வைத்து, போர்டு பார்க்கும் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளினார். “எங்க குத்தி விழுந்துச்சு?” என்று கேட்டார். கீழ் மூலையைக் காட்டினேன், சட்டம் நசுங்கியிருந்தது அங்கேதான். “ஆனா விரிசல் அங்க ஆரம்பிக்கல பாருங்க” என்றார். பார்த்தேன். கிளைகளெல்லாம் பின்னோக்கிப் போய் ஒன்றுசேர்ந்த இடம் மேல்பாதியில், முட்டத்தில் விழுந்த அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. மைக்ராஸ்கோப்பில் அது கோடாகவே தெரியவில்லை. ஓரமெல்லாம் சிதைந்த வாய்க்கால் போல இருந்தது.

அன்று இரவு தூக்கம் வராமல் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். போன் கண்ணாடியைச் சும்மா உருக்கி வார்ப்பதில்லை. 400 டிகிரி வாக்கில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட் உப்பில் அதை ஊறவைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் புகுந்து உட்காருகின்றன. இரண்டு பேர் உட்காரும் பஸ் சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தது போல, மேல்தோல் முழுக்க இறுக்கம். விரிசல் திறக்க வேண்டுமென்றால் அந்த இறுக்கத்தைத் தாண்டித்தான் திறக்க வேண்டும். மாடிப்படியில் என் போன் பிழைத்தது இதனால்தான். ஆனால் அந்த இறுகிய தோலின் ஆழம் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். ஆழமான கீறல் அந்தத் தோலை அரித்துவிடுகிறது. 1921-லேயே கிரிஃபித் என்ற இங்கிலாந்துப் பொறியாளர், கண்ணாடி பலவீனமாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள நுண்ணிய கீறல்கள்தான் என்று காட்டிவிட்டார். விழும்போது கண்ணாடி லேசாக வளைகிறது. வளைவின் மொத்த இழுப்பும் அந்தக் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது.

எது கீறியது என்பது அடுத்த கேள்வி. மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் தாதுக்களை எது எதைக் கீறும் என்று பார்த்து 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். வைரம் 10. போன் கண்ணாடி ஏறக்குறைய 6-ல் கீறுபடத் தொடங்கி 7-ல் ஆழமாகவே கீறுபடும். பித்தளைச் சாவி 3 தான். சாவியும் சில்லறையும் இருக்கும் பாக்கெட்டில் போட்டால் கீறும் என்று இத்தனை நாள் பயந்தது வீண், பாக்கெட்டின் அடியில் கிடக்கும் மணலுக்குத்தான் பயந்திருக்க வேண்டும். சாதாரண மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. எங்கள் ஊர்க் கடற்கரையோ அதற்கும் மேலே. முட்டத்துக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சியில் தாது மணல் எடுக்கும் ஆலையே இருக்கிறது. அங்கே மணலைச் சிவப்பாகக் காட்டும் கார்னெட் என்ற தாதுவைத் தச்சர் தேய்க்கும் உப்புத்தாளில் ஒட்டுவதுண்டு. கூடவே கிடக்கும் சிர்கான் 7.5. சின்ன வயதில் கையில் அள்ளி விளையாடிய மணல். அன்றைக்கு நான் திரையை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறேன்.

கீறாத கண்ணாடியாகவே செய்யக் கூடாதா என்று தோன்றும். கடிகாரங்களில் வரும் சஃபையர் 9, மணல் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் விலை அதிகம், கண்ணாடி போல வளைந்து கொடுக்காது. கீறாமல் இருப்பதும் உடையாமல் இருப்பதும் ஒரே குணமல்ல, ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் சங்கடம் இந்தத் தொழிலில் எப்போதும் உண்டு. இன்னொரு தகவலும் கண்ணில் பட்டது. கொரில்லா கிளாஸ் செய்யும் கார்னிங், போன் கண்ணாடியை மெருகேற்றும் ஆலை ஒன்றை காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் ஆப்டீமஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அமைப்பதாக 2024-ல் அறிவிப்பு வந்திருக்கிறது. தாம்பரத்திலிருந்து பைக்கில் போகும் தூரம்.

போனை வாங்கும்போது அண்ணனிடம் நேராகவே கேட்டேன், புதுக் கண்ணாடி பழையது அளவுக்குத் தாங்குமா என்று. “கம்பெனி கிளாஸ் மாதிரி வராதுண்ணா. டெம்பர் போட்டுடுங்க. தண்ணியிலயும் இனி நனைக்காதீங்க, பழைய சீல் போயிடுச்சு” என்றார். டெம்பர் என்றால் திரைமேல் ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடி. அதன் அட்டையில் 9எச் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதை மோஸ் வரிசையின் 9 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பென்சில் கணக்கு. 9எச் என்ற கடின பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்பதுதான் அர்த்தம். மணல் அதையும் கீறும். ஆனால் கீறல் 150 ரூபாய் டெம்பரோடு நின்றுவிடும், போன் கண்ணாடியின் தோலுக்குப் போகாது. பசையை ஊற்றி விளக்கு வெளிச்சத்தில் உறைய வைக்கும் யுவி டெம்பர் வேண்டாம் என்றேன், பசை ஸ்பீக்கர் ஓட்டைக்குள் இறங்கி அவதிப்பட்டவர்களைத் தெரியும். டெம்பர் ஒட்டியதும் கைரேகையை அழித்து மறுபடி பதிய வேண்டியிருந்தது. ஆறு மாதமாகிறது, பேனலில் கோடு எதுவும் வரவில்லை. திரையில் விரல் மட்டும் பழையபடி வழுக்குவதில்லை, எண்ணெய்ப் பிசுக்கு சீக்கிரம் படிகிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவின் போனை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு கோடு, நகம் இடறுகிறது. அதே துணிப்பை. பையை உதறியபோது திண்ணையில் சிவப்பாக ஒரு சிட்டிகை மணல் விழுந்தது. “எனக்கெதுக்கு மக்களே கண்ணாடி, பேசத்தானே செய்யேன்” என்றார். வடசேரியில் ஒரு கடையில் டெம்பர் ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் கடைப் பையன் துணியை எடுத்தான். அவன் கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் வாயால் ஊதி, ஈரத் துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுக்கச் சொன்னேன்.