பொட்டு ஒட்டிய கண்ணாடி

மினசோட்டா என்றால் குளிர் என்றுதான் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள், துப்பாக்கியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருநாள் ஒரு தாளை நீட்டினாள், ட்ராப் ஷூட்டிங், அதாவது பறக்கவிடும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு, அந்த டீமில் சேரக் கையெழுத்து வேண்டுமாம். இங்கே அது ஹாக்கி மாதிரிப் பள்ளி விளையாட்டு, 2001-இல் தொடங்கிய லீக், ஆறாம் வகுப்பிலிருந்தே சேரலாம். எனக்குத் தெரிந்த துப்பாக்கி தீபாவளிக்கு ரோல் கேப் போட்டுச் சுடுவதுதான், அதிலும் பாதி நமுத்துப்போயிருக்கும்.

நல்லவேளை, கிரீன் கார்டு வந்திருந்தது. ஹெச்1பி, ஹெச்4 விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே மத்தியச் சட்டம் தடுக்கிறது, வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு, அதனால் பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று நேரே கடைக்குப் போய்விடாதீர்கள். அப்புறம் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், அது இல்லாமல் டீமில் சேர்க்க மாட்டார்கள்.

முதல் மாதம் நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. வீட்டுக்காரரின் நண்பர் ஒரு 12 கேஜ் துப்பாக்கி இரவல் கொடுத்தார். தோளில் ஊன்றும் கட்டை அவளுக்கு நீளம், கன்னம் சரியாகப் படியவில்லை, சுடும்போதெல்லாம் கன்னத்தில் ஒரு அறை. இரவு பார்த்தால் தோள் கத்தரிக்காய் நிறம். 25 தட்டுக்கு 4 விழுந்தது, அதுகூடப் பரவாயில்லை, அடுத்த வாரம் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூட ஆரம்பித்துவிட்டாள். கோச் பார்த்துவிட்டு, கட்டை குட்டையான 20 கேஜ் செமி ஆட்டோவும் லேசான தோட்டாவும் கொடுத்தார். கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறுக்கும், நான் அதுவரை தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் தட்டு தப்பிக்கொண்டே இருந்தது. இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அது வழியே தூரத்துக் கம்பத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார் கோச். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது கம்பம் ஓட்டைக்குள்ளேயே தெரிகிறதோ, அதுதான் ஓங்கிய கண், குறி பார்க்கும் கண். சரி, விஷயம் பிடிபட்டது. கை வலது, ஓங்கிய கண் இடது. வலது தோளில் வைத்தால் குழல் ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். ஒன்று, தோளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கம் பார்வையை மறைக்கச் சின்ன டேப். டேப் எங்கே தேட, கைப்பையில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. அதையே ஒட்டினேன்.

வீட்டுப் பயிற்சி வேறு. துப்பாக்கி காலிதானா என்று நானும் பார்ப்பேன், அவளும் பார்ப்பாள், தோட்டா வேறு அறையில் பூட்டியிருக்கும். சுவரும் கூரையும் சேரும் கோட்டில் குழலை நிறுத்தாமல் ஓட்டவேண்டும், தினமும் பத்து நிமிஷம். பறக்கும் தட்டு 108 மில்லிமீட்டர்தான், சுடும்போது குழல் நின்றுவிட்டால் தோட்டாவிலிருந்து பாயும் ரவை தட்டுக்குப் பின்னால் போய்விடும்.

புதுக்கோட்டையிலிருந்து அப்பா போனில், "நம்ம தொண்டைமான் வீட்டுப் பிள்ளை 2024-ல பாரிஸ் ஒலிம்பிக்ல சுட்டாரே, அதானே ஆத்தா இது?" என்றார். கிட்டத்தட்ட அதேதான்.

போன வாரம் 25-க்கு 19. நான் பின்னால் நின்று சத்தமாக எண்ணக்கூடாது என்பது அவள் உத்தரவு, அதனால் காலித் தோட்டா பொறுக்குகிறேன். டீமில் இன்னொரு பையனுக்கும் இதே கண் சிக்கலாம், அவன் அம்மா என்னிடம் ஒரு பொட்டு கேட்டாள். கறுப்புதான் வேண்டுமா, சிவப்பு கிடைக்குமா என்றாள்.