கருவிலிருந்து கதைக்கு: மட்டக்களப்பு நாட்குறிப்பு

2025 ஜூன் 1, ஞாயிறு

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் தாள் மேசையில் நிற்பதில்லை என்பதால் இரவில்தான் எழுதுகிறேன்.

குறிப்பேட்டில் நெடுநாளாகக் கிடக்கும் ஒரு வரியை இன்று வெளியே எடுத்தேன்: “மண்முனையில் பாலம் திறந்த மறுநாள், பாதை ஓட்டியவர் என்ன செய்திருப்பார்?” பாதை என்றால் இங்கே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. ஜப்பானிய உதவியுடன் கட்டிய அந்தப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்து வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு வருகிறவர்கள் வாவிக்கரையில் படகுப் பாதைக்காகக் காத்து நின்றார்கள். மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, நோயாளி எல்லாம் அதில்தான் வந்தன. பாலம் வந்ததும் காத்திருப்பு முடிந்தது, ஒருவருடைய வேலையும் முடிந்தது.

வரியைப் படித்தவுடன் மனம் இரங்குகிறது. ஆனால் அந்த இரக்கம் என்னுடையது. அந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்பது வரியில் இல்லை. ஏதோ ஒன்றை விரும்பி, அதற்காக யாரிடமாவது போய் நிற்கும் ஆள் கிடைக்கும் வரை இது வெறும் நிலைமைதான். நிலைமைகளுக்கு இந்த மண்ணில் எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. 1978 சூறாவளி, 2004 கடற்கோள், போர் என்று எதைத் தொட்டாலும் கனம் தானாக வந்துவிடும். அந்தக் கனத்தை நம்பி எழுதும்போது பாத்திரங்கள் வாய் திறக்காமலே கதை முடிந்துபோகிறது. இந்த முறை ஒரு குடும்பத்துக்குள் மட்டும் நிற்கப்போகிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

குருமண்வெளிக்குப் போனேன். அங்கிருந்து மண்டூருக்கு இன்னும் பாதை ஓடுகிறது. தகவல் சேர்ப்பதற்காகப் போகவில்லை. ஒரு வேலையைச் செய்கிறவர்களின் கை எங்கே இருக்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் போனேன். பயணிகளில் பலர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரைப் பார்த்தவர்கள் என்னைப் போன்ற வெளியாட்கள்தான். என் கதையில் பாதைக்காரர் வாவியின் அழகைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார். கரை நெருங்கும்போது எந்த மோட்டார் சைக்கிள் முதலில் இறங்கும் என்பதுதான் அவர் கவலை.

ஏறும் இடத்தில் ஒரு பெரியவரிடம், இங்கேயும் பாலம் வந்தால் எப்படி என்று கேட்டேன். அவரும் முன்பு தண்ணீரில் வேலை செய்தவர். “பாலம் வந்தால் நல்லது மகள். என் பிள்ளைகளும் அதில்தானே போவார்கள்” என்றார். நான் எதிர்பார்த்து வந்த சோகத்தை அவர் ஒரே வாக்கியத்தில் தள்ளி வைத்துவிட்டார். பிறகு, நான் கேட்காமலே, “மூத்தவளுக்கு வீடு கொடுத்துவிட்டேன். இளையவளுக்கு அத்திவாரம் போட்டிருக்கிறேன்” என்றார்.

அவருடைய வாழ்க்கையை எடுத்து எழுதமாட்டேன், அது அவருடையது. அந்த அத்திவாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அப்படி ஒன்று இல்லாத தெரு இந்த மாவட்டத்தில் ஏது?

ஜூன் 4, புதன்

அத்திவாரம் போட்டு நிற்கும் வீடு. இங்கே அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். தாயும் தகப்பனும் பல நேரம் அதே வளவில் பின்பக்கமாக ஒதுங்கிவிடுவார்கள், அல்லது அடுத்த மகளுக்கான வீட்டை எழுப்பத் தொடங்குவார்கள். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் வழக்கம். அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயும் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். குடி என்கிற குலப்பிரிவும் தாய் வழியில்தான் வருகிறது.

இதை யோசிக்கும்போதே கதை தகப்பனிடமிருந்து நகர்ந்துவிட்டது. வேலை போனவர் அவர்தான். ஆனால் கேட்கவேண்டியவள் தாய். தன் தாயிடமிருந்து அவளுக்கு வந்த வீடு அது, அதையே மூத்தவளுக்குக் கொடுத்தாள். இப்போது இளையவளின் வீட்டை முடிக்கப் பணம் இல்லை. அந்தப் பழைய வீட்டின் உறுதிப் பத்திரத்தை வங்கியில் அடகு வைக்க மூத்தவள் சம்மதித்தால்தான் வழி.

தான் பிறந்து, தானே கொடுத்த வீட்டின் வாசலில் ஒரு தாய் கேட்பவளாக நிற்கிறாள். இனி எனக்குத் தூக்கம் வராது.

ஜூன் 7, சனி

காணி, வீட்டு உறுதிகள் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுத்து வேலை செய்யும் தோழியிடம் கதையைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: “உறுதி எழுதும்போது தாய் தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டாளா, இல்லையா?”

நன்கொடை உறுதி எழுதும் பெற்றோர், உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையைத் தங்களுக்கென்று ஒதுக்கி எழுதலாம். அப்படி ஒதுக்கியிருந்தால் மூத்தவள் அந்த வீட்டை அடகு வைப்பதற்குத் தாயின் கையெழுத்தும் வேண்டியிருக்கும். ஒதுக்காமல் முழுதாகக் கொடுத்திருந்தால் தாயிடம் எந்தப் பிடியும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம்தான், ஆனால் இரண்டு வேறு கதைகள். முதலாவதில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் தடுக்க வல்லவர்கள், அதனால் பேரம் நடக்கும். இரண்டாவதில் தாயிடம் இருப்பது தாய் என்ற ஒன்று மட்டும்.

மாலை முழுவதும் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். முழுதாகக் கொடுத்தவளையே தேர்ந்தெடுத்தேன். நொத்தாரிசு கேட்டபோது, “என் பிள்ளையிடம் எனக்கு என்ன உரித்து வேண்டியிருக்கிறது” என்று சொன்னவள் அவள். அன்று அது பெருமை. கதையில் யாரும் அதை நினைவூட்டக்கூடாது. வாசகருக்கு மட்டும் தெரிந்திருக்கவேண்டும்.

எழுதத் தொடங்குகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்: கற்பனை முட்டி நிற்கும்போது கூடுதலாகக் கற்பனை செய்யாதீர்கள். அந்தத் தொழில் தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள்.

ஜூன் 9, திங்கள்

கண்ணகி அம்மன் குளிர்த்தி. இன்று எழுதவில்லை.

ஜூன் 11, புதன்

குளிர்த்திப் பாட்டு காதில் நிற்கும்போது, தாயும் மகளும் கோயிலில் சமாதானமாகும் முடிவு ஒன்று தானாக வந்தது. கோபம் கொண்ட தெய்வத்தைக் குளிரச் செய்யும் சடங்கு, எவ்வளவு பொருத்தம்! அந்தப் பொருத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. ஊர் ஆண்டாண்டாகப் பாடிச் சேர்த்த உணர்ச்சியைக் கடன் வாங்கி என் கதையை முடிக்கக்கூடாது. நேற்றைய முழுநிலவும், மட்டக்களப்பின் அடையாளங்களான கல்லடிப் பாலமும் பாடும் மீனும் இதே காரணத்தால் வெளியே நிற்கின்றன.

பதிலாக அடுக்களைக் காட்சியை எழுதினேன். மூத்தவள் தேங்காய் துருவுகிறாள். தாய் கேட்டுவிட்டாள்.

“தங்கச்சிக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை என்றா நினைக்கிறீர்கள், அம்மா?”

“நான் அப்படிச் சொல்லவில்லை, மகள்.”

“என் மகளுக்கு எட்டு வயது. இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இவளுக்கு இந்த வீடு வேண்டும். இது என்னுடையது இல்லை அம்மா. உங்களுடையதும் இல்லாமல்தானே இருந்தது.”

கடைசி வாக்கியத்தை நான் திட்டமிடவில்லை. எழுதிய பிறகுதான் கதையின் முடிச்சு தெரிந்தது: ஒவ்வொரு பெண்ணும் இன்னொரு பெண்ணுக்காக அந்த வீட்டைக் காத்துக்கொண்டிருக்கிறாள். மூத்தவள் கல்நெஞ்சக்காரி இல்லை. தாய் கேட்டதிலும் பிழை இல்லை. இருவர் பக்கமும் இவ்வளவு நியாயம் சேர்ந்த பிறகே இதைக் கதை என்று சொல்ல எனக்குத் துணிவு வந்தது.

ஜூன் 14, சனி

காலத்தை இறுக்கினேன். பாலம் திறப்பதற்கு முந்திய ஒரு வாரம், அவ்வளவுதான். தகப்பன் கடைசி நாட்களில் பாதையில் நிற்கிறார். வீட்டில் நடப்பது எதுவும் அவருக்கு நேரடியாகத் தெரியாது. பாலத்தைத் திறந்தவர்கள், மாலைகள், பேச்சுகள் எதுவும் கதைக்குள் வராது.

இளையவளை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. வீடு வேண்டாம், கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்ல வைத்தேன். அது எனக்கு வசதியாக இருக்கிறது, அவளுக்கு இல்லை. அவள் அந்த வீட்டை ஆசையோடு விரும்பட்டும். சமையலறை எந்தப் பக்கம் வரவேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அடுத்து, மூத்தவளின் கணவன் விறாந்தையில் இருந்து அடுக்களைப் பேச்சைக் கேட்கும் இடத்தை எழுதவேண்டும். இதுவரை அவனை வாய் பேசாத மருமகனாகவே வைத்திருந்தேன். இன்று ஒன்று முடிவாகிவிட்டது: அவனுக்கும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள், அவர்களுடைய அத்திவாரத்துக்கு அவனும் மாதாமாதம் பணம் அனுப்புகிறான், மனைவிக்குத் தெரியாமல்.