செல்ஃப் எடுக்கிறது, ஆனாலும் பேட்டரிதான்

டிசம்பர் பாதியில் ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் கடிகாரம் 1:00க்குப் போய் நிற்கும். ஸ்டீரியோ அணைந்து மறுபடி எழும். மஞ்சள் நிறத்தில் பவர் ஸ்டியரிங் விளக்கு எரியும், ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். எஞ்சினை அணைத்து இன்னொரு முறை போட்டால் எல்லாம் சரியாகிவிடும். சில நாள் ஏபிஎஸ் (பிரேக்) விளக்கும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஒருநாள் சாவியைத் திருப்பும்போதே நான்கு கதவுப் பூட்டுகளும் தாமாகத் திறந்து மூடின.

வண்டி 2015 மாடல் சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். டெல்லி மயூர் விஹாரில் வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில்தான் நிற்கும். வேலைக்கு ப்ளூ லைன் மெட்ரோவில் போய்விடுவதால் வார நாட்களில் வண்டி அசைவதே இல்லை. பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர், வயது நான்கைத் தாண்டிவிட்டது.

சர்வீஸில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு ஸ்டியரிங் கன்ட்ரோல் யூனிட், அதாவது பவர் ஸ்டியரிங்கை இயக்கும் சின்னக் கணினி, போய்விட்டது, மாற்ற முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பேட்டரியாக இருக்குமோ என்று கேட்டேன். "செல்ஃப் எடுக்கிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. கடிகாரம், பூட்டு, ஏபிஎஸ், ஸ்டியரிங் நான்கும் ஒரே வாரத்தில் தனித்தனியாகக் கெடுவது நடக்காத காரியம். நான்குக்கும் பொதுவாக இருப்பது அவற்றுக்குப் போகும் 12 வோல்ட் மட்டும்தான். அதை அளந்து பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, மல்டிமீட்டரை எடுத்தேன்.

முதலில் ஓய்வு வோல்டேஜ். வண்டி ஓட்டிவிட்டு வந்த உடனே அளந்தால் பொய்யான நல்ல எண் கிடைக்கும். தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் அப்படிக் காட்டும். கதவைத் திறந்தாலே உள்ளே இருக்கும் கன்ட்ரோல் யூனிட்கள் விழித்துக்கொண்டு கரண்ட் எடுக்கவும் ஆரம்பித்துவிடும். ஆகவே காலை ஏழு மணிக்கு பேனட்டைத் திறந்து, கதவுகளைப் பூட்டிவிட்டு, அரைமணி கழித்து அளந்தேன். 12.42 வோல்ட். முழு சார்ஜில் 12.6 முதல் 12.7 வரை இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதி. இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. பேட்டரி மேல் இருக்கும் வட்டக் கண்ணும் பச்சையாகவே இருந்தது. ஆனால் அந்தக் கண் ஆறு செல்களில் ஒரு செல்லின் அமில அடர்த்தியை மட்டும்தான் காட்டும். மற்ற ஐந்தைப் பற்றி அதற்குத் தெரியாது.

ஓய்வு வோல்டேஜ் சொல்வது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை மட்டும். கேட்ட வேகத்தில் அதைக் கொடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தாலும் குழாயில் துரு அடைத்திருந்தால் கீழே ஒல்லியாகத்தான் வரும். பேட்டரி வயதாக ஆக தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகங்கள் இறுகிப்போகின்றன, உள்ளே இருக்கும் கம்பிச்சட்டம் அரிக்கப்படுகிறது, உள் மின்தடை ஏறுகிறது. வண்டி சும்மா நிற்கும்போது இது எதுவும் தெரியாது. சின்ன பெட்ரோல் எஞ்சினின் செல்ஃப் மோட்டார்கூட நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த நொடியில்தான் குட்டு வெளிப்படும்.

கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் குளிரில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்ததால் சோர்ந்த பேட்டரி சீக்கிரமே மாட்டிக்கொள்ளும். இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சின் ஓரிரு சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. பேட்டரி அரை உயிரில் இருந்தாலும் வண்டி கிளம்பிவிடும். அடிபடுவது கன்ட்ரோல் யூனிட்கள்தான். வோல்டேஜ் ஒரு கணம் தாழ்ந்தால் அவை ரீசெட் ஆகி, ஒன்றோடொன்று பேசும் தொடர்பு அறுந்து, விளக்கை எரியவிடுகின்றன. வண்டியில் பதிவாகி, என் ஸ்கேனரில் தெரிந்த பிழைக் கோட்களும் அதைத்தான் சொல்லின: பி0562, அதாவது சிஸ்டம் வோல்டேஜ் குறைவு, யு0121, ஏபிஎஸ் யூனிட்டோடு தொடர்பு இல்லை. சர்வீஸில் இந்த இரண்டையும் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்து செல்ஃப் அடிக்கும்போது அளப்பது. சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். செல்ஃப் மோட்டார் சுழலத் தொடங்கும் முதல் கணத்துப் பள்ளத்தை அது தவறவிட்டுவிடும். குறைந்தபட்ச எண்ணைப் பிடித்து வைக்கும் பட்டன் உள்ள மீட்டர்தான் வேண்டும். அதிலும் உண்மையான அடிமட்டம் காட்டும் எண்ணைவிடச் சற்றுக் கீழேதான் இருக்கும். என் மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். 8.7 வோல்ட். 21 டிகிரி வெப்பநிலையில் 15 நொடி லோடு கொடுத்த பின்னும் 9.6க்குக் கீழே போகக் கூடாது என்பது பட்டறைகளின் பொது அளவு. குளிரில் அதைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். 4, 5 டிகிரியில் 9.3 வரை ஏற்கலாம். ஒரே நொடி செல்ஃபில் 8.7 என்பது அந்த அளவுக்கு நிறையவே கீழே.

இந்த இடத்தில் பேட்டரிக் கடைக்கு ஓடிவிடத் தோன்றும். ஆனால் 8.7 என்ற எண்ணுக்குப் பின்னால் பேட்டரி மட்டும்தான் இருக்கிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. பக்கத்து வீட்டு மாமா ரயில்வேயில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பேனட் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். "ஏம்பா, போஸ்ட்ல ஒரு ப்ரோப், கிளாம்ப்ல ஒரு ப்ரோப் வச்சுப் பார்த்தியா? ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சுடாதே" என்றார். போஸ்ட் என்பது பேட்டரியின் ஈய முனை, கிளாம்ப் அதைக் கவ்வும் கேபிள் பிடி, ப்ரோப் மீட்டரின் ஊசி. எனக்கு இந்தச் சோதனைதான் எல்லாவற்றிலும் பிடித்தது. கரண்ட் ஓடும்போது ஒரு இணைப்பின் இரு பக்கமும் அளந்தால், அந்த இணைப்பு தின்னும் வோல்டேஜ் நேரடியாகத் தெரிந்துவிடும்.

ஃப்யூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் எஞ்சின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் சுற்றும், நிதானமாக அளக்கலாம். நெகட்டிவ் ஈயப் போஸ்டுக்கும் அதன் கிளாம்புக்கும் நடுவே 0.4 வோல்ட் இருந்தது. போஸ்டில் இருந்து எஞ்சின் பிளாக் வரை மொத்தமே 0.2க்கு மேல் இருக்கக் கூடாது. கிளாம்பைக் கழற்றினால் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் படிவு. வெளியிலிருந்து அது தெரியவே இல்லை. சுடுதண்ணீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். 0.05க்கு இறங்கியது. பாசிட்டிவ் பக்கம், போஸ்டிலிருந்து செல்ஃப் மோட்டார் முனை வரை, முன்பே சரியாக இருந்தது.

சுத்தம் செய்த மறுநாள் வண்டி சாதுவாகக் கிளம்பியது. கடிகாரம்கூட நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கேயே பலர் நிறுத்திவிடுவார்கள். பேட்டரிப் போஸ்டில் வைத்து அளந்தால் இன்னும் 8.8தான், இணைப்பு தின்ற பங்கு யூனிட்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது, அவ்வளவே. பொங்கலுக்கு முன் கடும் பனிமூட்டம் வந்தது. அந்த வாரமே ஸ்டியரிங் விளக்கும் திரும்பி வந்தது.

சார்ஜிங்கிலும் கசிவிலும் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. ஐடிலில் 14.2, ஹெட்லைட், ப்ளோவர், பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாம் போட்டபோது 13.7. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் நலம். நிறுத்திய வண்டி இழுக்கும் கரண்ட், யூனிட்கள் தூங்கிய பின் 28 மில்லி ஆம்பியர். 50க்குள் இருந்தால் கவலை இல்லை. மீட்டரைத் தொடரில் மாட்டி இதை அளக்கும்போது மட்டும் யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

இனி மிச்சம் பேட்டரி மட்டும்தான். அதற்கும் காசு செலவழிக்காமல் ஒரு சோதனை உண்டு. மாமாவின் வண்டியை அருகில் நிறுத்தி, எஞ்சினைப் போடாமல், தடித்த ஜம்பர் கேபிளால் அவர் பேட்டரியை என்னுடையதோடு இணைத்தேன்: பாசிட்டிவ் பாசிட்டிவுக்கு, நெகட்டிவ் கடைசியாக என் எஞ்சின் பிளாக்குக்கு. பேட்டரிப் பக்கத்தில் ஹைட்ரஜன் இருக்கலாம், தீப்பொறி அங்கே வேண்டாம் என்பதற்காக. அதே குளிர், அதே நேரம். 10.5 வோல்ட், ஒரு விளக்கும் எரியவில்லை. கேபிளை எடுத்துவிட்டு மறுநாள் காலை பார்த்தால் பழையபடி ஸ்டியரிங் விளக்கு. முப்பதாயிரம் ரூபாய் யூனிட்டில் கோளாறு இருந்திருந்தால் பக்கத்து வண்டியின் பேட்டரி அதைக் குணப்படுத்தியிருக்காது. கடையில் கண்டக்டன்ஸ் டெஸ்டரில் வைத்தபோது 300 இருக்க வேண்டிய குளிர் ஸ்டார்ட் ஆம்பியர், அதாவது கடும் குளிரில் செல்ஃபுக்குக் கொடுக்கக்கூடிய கரண்ட், 160க்கு வந்திருந்தது.

டெல்லிப் பேட்டரிகளுக்கு ஒரு கொடுமை உண்டு. அவற்றைக் கொல்வது குளிர் அல்ல, 45 டிகிரி மே மாதம். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் உள்ளே அரிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும், தண்ணீரும் வற்றும். கோடையில் எஞ்சின் ஆயில் இளகியிருப்பதால் அந்தச் சேதம் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. டிசம்பரில் ஆயில் கெட்டியாகி, ரசாயன வினையும் மந்தமாகும்போது ஒரேயடியாக வெளியே வருகிறது. அதனால் இங்கே இருப்பவர்கள் நவம்பரிலேயே ஒருமுறை செல்ஃப் வோல்டேஜை அளந்து வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

புதியதை கஷ்மீரி கேட்டில் வாங்கினேன், ஐந்தாயிரத்துக்குள். தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்கினேன். அலமாரியில் பல மாதம் தூங்கிய பேட்டரிக்கும் வயது ஏறும். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டேன். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது முறையாக மறுசுழற்சிக்குப் போக வேண்டும். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். பேட்டரியை மாற்றும்போது வழக்கமான ஒழுங்குதான்: கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்பானர் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒருமுறை திருப்பி, ஜன்னல் ஒரே அழுத்தில் ஏறி இறங்கும் ஆட்டோ வசதியைப் புதிதாகப் பழக்கி, பிழைக் கோட்களை அழித்தேன்.

தைப்பூசத்துக்கு மலை மந்திர் போக விடியலில் எடுத்தபோது அளந்தது 10.4. கோட் எதுவும் திரும்பவில்லை. பின் இடது கதவுப் பூட்டு மட்டும் இன்னமும் சில நேரம் இரண்டு முறை அடிக்கிறது. வோல்டேஜ் இப்போது நன்றாக இருப்பதால் அது தனிக் கோளாறு, அனேகமாக உள்ளே பூட்டை நகர்த்தும் ஆக்சுவேட்டர். அடுத்த ஞாயிறு கதவுப் பேனலைக் கழற்றுகிறேன்.