அராசேனா மலைகளில் ஊர் விட்டு ஊர் நடந்தது

எங்கள் மொரீஷியஸில் மலைக்குப் போவது என்றால் விடியற்காலையில் ஏறி, உச்சியைத் தொட்டு, போன வழியிலேயே இறங்கி வருவதுதான். 812 மீட்டர் உயர லெ பூஸும் அப்படித்தான், 719 மீட்டர் உயர கோர் தெ கார்டும் அப்படித்தான். கோர் தெ கார்ட் சரிவில் முருகன் கோவில் இருப்பதால் காத்ர் போர்ன் ஊர்க்காரர்களுக்கு அந்தப் படிகள் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் ஒரு ஊரில் காலை காபி குடித்துவிட்டுப் புறப்பட்டு, காட்டுக்குள்ளேயே நடந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னொரு ஊர் போய்ச் சேருகிற நடை நான் அறியாதது. அதை ஸ்பெயினில்தான் நடந்தேன்.

இடம், தென்மேற்கு ஸ்பெயினில் வெல்வா மாகாணத்தின் வடக்கே உள்ள அராசேனா மலைத்தொடர். செவில் நகரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், பஸ் போகிறது. அக்கா மகள் செவிலில் படிக்கிறாள். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை விழும் நவம்பரில் அங்கே முதல் மழை முடிந்து புல் பச்சை பிடித்திருக்கும், செஸ்ட்நட் இலைகள் மஞ்சளாகி உதிரும். நாங்கள் நடந்த பக்கம் பெரும்பாலும் ஆயிரம் மீட்டருக்குக் கீழேதான். மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் கொஞ்சம், நிழலில் நடக்கும் தூரம் நிறைய. ஐம்பதைத் தாண்டிய என் முழங்காலுக்கு இதைவிட நல்ல மலை கிடைக்காது.

அராசேனாவிலிருந்து லினாரெஸ் தெ லா சியர்ரா, அங்கிருந்து லோஸ் மத்ரோன்யேரோஸ் வழியாக அலாஹர். இந்தத் தடத்தைத்தான் யார் கேட்டாலும் முதலில் சொல்வேன். இது நடைப்பயணிகளுக்காகப் போட்ட பாதை இல்லை. கோவேறு கழுதைகள் சுமை தூக்கிப் போன பழைய வழி. இரண்டு பக்கமும் சாந்து வைக்காமல் அடுக்கிய கல் சுவர், கீழே பல இடங்களில் கல் பாவியிருக்கும். பாறையிலோ சுவரிலோ வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டு கோடு இருந்தால் சரியான வழி. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் திரும்பிவிட வேண்டும். இது தெரிந்தால் போதும், வழி தவறாது.

லினாரெஸ் பள்ளத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சின்ன வெள்ளை ஊர். அங்கே வீட்டு வாசல்களைப் பார்க்க வேண்டும். வாசற்படிக்கு முன்னால் கைக்குள் அடங்கும் கூழாங்கற்களை நிறுத்திப் பதித்துக் கோலமே போட்டிருக்கிறார்கள். கறுப்புக் கல், வெள்ளைக் கல். ஒரு வாசலில் நட்சத்திரம், அடுத்த வாசலில் பூ, அதற்கடுத்ததில் வெறும் கட்டங்கள். நான் குனிந்து ஒன்றைத் தடவிப் பார்த்தேன். கற்களைப் படுக்க வைக்கவில்லை, குறுகிய பக்கம் மேலே தெரியும்படி நெருக்கமாகக் குத்தி இறக்கியிருந்தார்கள். காலடி பட்டுப் பட்டு எல்லாம் வழவழவென்று ஆகிவிட்டன. லபுர்தொனே கவர்னராக இருந்த காலத்தில் பாண்டிச்சேரியிலிருந்து வந்து போர்ட் லூயிஸைக் கட்டியெழுப்பிய நம் கொத்தனார்களின் நினைவு வந்தது. அவர்கள் பார்த்திருந்தால் அந்த வேலையை ரசித்திருப்பார்கள்.

அலாஹருக்குப் போகும் வழியில் லோஸ் மத்ரோன்யேரோஸ் என்ற குக்கிராமம் வரும். தார் ரோடு எட்டாத இடம். சுண்ணாம்பு அடித்த வீடுகள், பூட்டிய கதவுகள். அங்கே உட்கார்ந்து ரொட்டியும் தக்காளியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிட்டோம். நான் சைவம். பன்றித் தொடைக்குப் பேர் போன ஹபூகோ பக்கத்திலேயே இருக்கும் நாட்டில் சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். இந்த மூன்றும் செஸ்ட்நட்டும் ஆரஞ்சும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கின்றன.

இனி காட்டைப் பற்றி. நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் பார்த்தபோது காடு என்றே தோன்றவில்லை. மரத்துக்கு மரம் இடைவெளி, கீழே புல்வெளி, நடுவில் கறுத்த பன்றிகள். இரண்டு வகை ஓக் மரங்கள். ஒன்று என்சினா, இனிப்பான கொட்டை தருவது. மற்றது கார்க் எடுக்கும் மரம். தெஎசா என்று இதைச் சொல்கிறார்கள். தமிழ் வாத்தியாராகச் சொன்னால், நான் பிள்ளைகளுக்கு நடத்தும் முல்லைத் திணை இதுதான், காடும் மேய்ச்சலும் சேர்ந்த நிலம். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் புதர் களைந்து, கிளை கழித்து, மந்தை மேய்த்து உருவாக்கி வைத்திருக்கும் காடு. சியர்ரா மொரேனா மலைகளின் இந்த தெஎசாக்களை 2002இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

ஒரு வேலிக் கதவருகே பெரியவர் ஒருவர் நீளக் கழியால் கிளைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். கொட்டை விழுந்த சத்தம் கேட்டதும் பன்றிகள் ஓடி வந்தன. அவர் ஒன்றைத் தோல் உரித்து என்னிடம் கொடுத்தார். மெல்லிய இனிப்பு, கடைசியில் நாக்கில் லேசான துவர்ப்பு. அக்கா மகள் மொழிபெயர்க்க அவரோடு நின்று பேசினோம். அக்டோபருக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில் பன்றிகளை மரத்தடிக்கு விடுகிறார்கள். குறைந்தது 60 நாள் அவை கொட்டையும் புல்லுமாக மேய வேண்டும். ஒரு எக்டேருக்கு மிஞ்சிப் போனால் 1.25 பன்றிதான், மரம் குறைவான நிலத்தில் அதுவும் குறையும். சட்டமே அப்படி. ஆகவே மரத்தை வெட்டுகிறவன் தன் மந்தையைத்தான் வெட்டுகிறான். அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கார்க் மரத்துக்கும் அதே நியாயம்தான். கோடையில் கோடாலியால் பட்டையைப் பலகை பலகையாக உரித்தெடுக்கிறார்கள். மரம் சாவதில்லை, மறுபடி பட்டை வளர்கிறது. அடுத்த உரிப்புக்குக் குறைந்தது ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டும். உரித்த வருடத்தின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே பெயின்டால் எழுதி வைக்கிறார்கள். வெட்டுக்கு மேலே சாம்பல் நிறத்தில் கரடுமுரடான பட்டை, கீழே கோவில் தூணுக்குக் காவி பூசியதுபோல் வழவழப்பான சிவப்பு. அதில் வெள்ளையாக ஒரு 3. அப்படியானால் 2023இல் உரித்தது, 2032 வரை யாரும் தொடக்கூடாது.

"சித்தி, கதவைச் சாத்திட்டு வாங்க, பன்னி வெளிய வந்துரும்" என்று அக்கா மகள் கத்தினாள். இந்தத் தடங்கள் பல இடங்களில் தனியார் நிலத்துக்குள்தான் போகின்றன. கதவைத் திறந்து போகலாம், ஆனால் பின்னால் மூட வேண்டும். கம்பி வளையத்தைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு நம் தீவின் நினைப்புதான். டச்சுக்காரர்கள் 1638இல் குடியேறி, 1710இல் விட்டுப் போகும்வரை கருங்காலியை வெட்டி ஏற்றினார்கள். கப்பல்களில் வந்த பன்றியும் குரங்கும் எலியும் டோடோவின் முட்டையையும் குஞ்சையும் விடவில்லை. அப்புறம் கரும்பு வந்தது. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடு இன்று இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் அந்த மிச்சத்தைக் காக்கச் சில இடங்களில் பன்றியும் மானும் நுழையாதபடி வேலி போட்டு, உள்ளே சீனக் கொய்யாவைக் களை எடுக்கிறார்கள். நாமோ பருவம் வந்தால் குடும்பத்தோடு பிளேன் ஷாம்பாஞ் போய் அதே கொய்யாவைப் பறித்து உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடுகிறோம். அது தவறு என்று சொல்ல மாட்டேன், எனக்கும் பிடித்த பழம். ஆனால் அங்கே பன்றி காட்டைக் காப்பாற்றுகிறது, இங்கே காட்டைத் தின்கிறது. மிருகம் ஒன்றுதான். அங்கே மேய்ப்பவனுக்குக் கணக்கு இருக்கிறது, இங்கே மேய்ப்பவனே இல்லை.

சரி, ஊர்களுக்கு வருவோம். குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்போமே, அலாஹருக்கு மேலே நிற்கும் பெரும் பாறையிலும் ஒரு மாதா கோவில் இருக்கிறது. செப்டம்பரில் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் குதிரையிலும் வண்டியிலும் அங்கே திருவிழாவுக்கு ஏறி வரும். அந்தப் பாறைக்கு அரியாஸ் மொன்தானோ (1527-1598) பெயர். இரண்டாம் பிலிப் அரசருக்காக எஸ்கோரியல் நூலகத்தை ஒழுங்கு செய்தவர், ஆண்ட்வெர்ப்பில் எட்டுத் தொகுதிகளாக அச்சான பன்மொழி பைபிளின் பதிப்பாசிரியர். அவ்வளவு படித்த மனிதர் ஒதுங்கி வாழ இந்த மலையைத் தேர்ந்திருக்கிறார். அங்கிருந்து கீழே அலாஹரின் ஓட்டுக் கூரைகளும் அலை அலையாக ஓக் மலைகளும் தெரியும்.

மேற்கே அல்மோனாஸ்டர் லா ரியாலில் மலைமேல் ஒரு பள்ளிவாசல். 10ஆம் நூற்றாண்டில், அங்கே முன்பிருந்த விசிகோத்திய கிறிஸ்தவக் கோவிலின் எச்சங்களின் மேல் எழுப்பியது. பிற்பாடு அதையே தேவாலயமாக்கினார்கள். உள்ளே செங்கல் வளைவுகளைத் தாங்கும் தூண்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ரோமானியர் காலத்துக் கல்லையும் எடுத்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இடித்துப் போடாமல் ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்து ஆண்டிருக்கிறார்கள். அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த தெஎசா காட்டுக்கும் நோய் வந்திருக்கிறது. ஓக் மரங்கள் காய்ந்து சாகின்றன, லா செகா என்கிறார்கள். வேரை அழுக வைக்கும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியும் வறட்சியும் சேர்ந்து செய்யும் வேலை. அலாஹர் தாண்டி ஒரு சரிவில் இலையே இல்லாத மரங்கள் கூட்டமாக நின்றதைப் பார்த்து மனசு கனத்துப் போனது. இந்த நோய் ஈர மண்ணோடு பரவும், நம் ஷூவில் ஒட்டிய சேறும் அதைக் கொண்டு போகும். அங்கே போகிறவர்கள் ஒரு பிரஷ் வைத்துக்கொண்டு, ஒரு தோப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் அடியைத் தேய்த்துக் கழுவுங்கள். ஊருக்குத் திரும்பும்போதும் சேற்றோடு பெட்டியில் வைக்காதீர்கள்.

நமக்கும் ஊர் விட்டு ஊர் போகும் வழிகள் இருந்தன. ரயில் 1964இல் நின்றது, தடத்தின் ஒரு பகுதியில் இப்போது மெட்ரோ ஓடுகிறது. கரும்புத் தோட்டங்களுக்குள் வண்டிப் பாதைகள் இன்னும் இருக்கின்றன, அவற்றின் ஓரத்தில் நம் முன்னோர் கட்டிய தோட்டக் கோவில்களும் இருக்கின்றன. கோவிலிலிருந்து கோவிலுக்கு நடக்கலாம், பாறையில் இரண்டு கோடு போட்டால் போதும். நிலம் தோட்டக்காரர்களுடையது, கேட்டுத்தான் போக வேண்டும், கதவு இருந்தால் மூட வேண்டும். வெயில் தணியும் ஜூன், ஜூலையில் ஒரு தடத்தையாவது நடந்து பார்த்துக் குறித்துவைக்க ஆசை. உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு பாதை தெரிந்தால் எழுதுங்கள். எந்தக் கோவிலிலிருந்து எந்தக் கோவிலுக்கு, வழியில் குடிதண்ணீர் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.