தண்ணீர் ஊற்றியே கொன்ற கதை

பால்கனியில் இருந்த எச்செவேரியாவை (தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கும் சின்னச் செடி) நான்தான் கொன்றேன். காயப்போட்டு இல்லை, தினமும் காலையில் பாசமாக ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி.

முதலில் அடி இலைகள் மஞ்சளாகி, உள்ளே நீர் கோத்த மாதிரி பளபளத்தன. தொட்டால் ஊறிய திராட்சை போல நசுங்கின. வாடுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்! தண்ணீர் போதாவிட்டால் இலை சுருங்கி மெலியும்; அதிகமானால்தான் இப்படிக் கொழகொழவென்று ஆகி, லேசாகப் பட்டாலே உதிரும். தொட்டியைக் கவிழ்த்தால் வேரெல்லாம் கறுத்து, சாக்கடை நாற்றம். மண் முழுக்க ஈரத்தைப் பிடித்துவைக்கும் தென்னைநார்த் தூள். பீங்கான் தொட்டியின் அடியில் ஓட்டையே இல்லை. (அழகாக இருக்கிறதே என்று வாங்கியது.)

நுனி மட்டும் பிழைத்திருந்தது. தண்டில் கறுப்பு தெரியாத இடம்வரை அறுத்து, நான்கு நாள் நிழலில் காயவிட்டு, மண்தொட்டியில் வைத்தேன். பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் பொடித்துண்டும், மீதிதான் தோட்டமண்.

இப்போது கிழமை பார்த்து ஊற்றுவதில்லை. ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுப்பேன். ஈரமண் ஒட்டி வந்தால் அன்று தண்ணீர் கிடையாது. காய்ந்து வந்தால் அடியில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுவேன். ஐப்பசி அடைமழை வந்தால் சுவரோரம் உள்ளே இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அத்தை மட்டும் "பாவம், வாயில்லாத செடி" என்று இன்னமும் சொம்போடு வருகிறார். சரி, குச்சியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.